பொருட்பதிவேட்டில் ஒரு பூப்படம்

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஓர் அரச கந்தோரில் எழுத்துவேலைக்கு லிகிதராகச் சேர்ந்தேன். முதல் நாளே பொருட்பதிவேட்டைத் தந்து எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். மேசை பதினொன்று, கதிரை இருபது, பூப்படம் ஒன்று.

முன்பிருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன அச்சுப்படம். சாடி நிறையப் பூக்கள்; சாயத்தை அப்பியதுபோல் தடித்த கோடுகள்; இதழ்களைச் சுற்றி நீலக் கரை. மேசை பார்ப்பவரை நோக்கிச் சரிந்திருக்கும்.

ஒருநாள் என் மனைவி றமீஸா ஒரு கையொப்பத்துக்காகக் கந்தோருக்கு வந்தாள். மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பெண். நிறம் கண்டால் நின்றுவிடுவாள்.

"மச்சான், இந்தச் சாடி இப்ப விழப்போற மாதிரிக் கிடக்கு. ஆனா விழல்ல. நம்மட ஊட்டுக்குக் கொண்டுவரேலாதா?"

"அரசாங்கச் சொத்து."

"அரசாங்கம் இதப் பாக்குதா?"

பார்க்கவில்லை. அன்று பின்னேரமே வீட்டு முன்சுவரில் ஆணி அடித்தேன். எங்கள் வழக்கப்படி வீடு அவளுடைய சீதனம். அதில் என்னுடையது அந்த ஆணி மட்டும்.

முறை எனக்குத் தெரியும். கழிக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தால் பொருட்களைச் சோதிக்கும் சபை வந்து பார்க்கும், பிறகு ஏலம்; அதில் நானே எடுத்துவிடலாம். ஏலத்தில் வேறெவரும் விலை கேட்டுவிடக் கூடாதென்று, குறிப்பில் "முற்றாகப் பெறுமதியற்றது" என்று அழகாக எழுதினேன். பெறுமதியற்றது ஏலத்துக்குப் போகாது, எரிக்கப்படும் என்பது சுற்றுநிருபத்தின் அடுத்த பந்தி. சுற்றுநிருபங்களை மனப்பாடமாய் ஒப்புவிப்பவன் நான். ஆசை வந்ததும் ஒரு பந்தி மறந்துபோனது.

"லிகிதர் சரியா எழுதியிருக்கார்" என்று பாராட்டிய சபைத் தலைவர் எரிக்க உத்தரவிட்டார்.

கந்தோருக்குப் பின்னால் நெருப்பு மூட்டிய, வயதில் மூத்த பியோன் மீராசா காக்கா குரலைத் தாழ்த்தினார். "சேர், மரச் சட்டத்த மட்டும் நெருப்பில போடுவம். படத்தச் சுருட்டிக் குடைக்குள்ள வைங்க. ஆரு பாக்கப்போறா?"

"'என் முன்னிலையில் எரிக்கப்பட்டது' எண்டு நான் கையெழுத்துப் போடணும், காக்கா."

"அதையும் போடுங்க. முன்னம் இருந்தவங்க போடல்லியா? போன வருசம் எரிச்ச கதிரையிலதான் நீங்க இருக்கீங்க."

படத்தை நானே நெருப்பில் வைத்தேன். நீலக் கரை கடைசியாகப் போயிற்று.

றமீஸா கோபிக்கவில்லை. "சாடிக்குக் கீழ ஒரு பூ உதிர்ந்து கிடந்ததே மச்சான், அது மஞ்சளா, சிவப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் அதை எண்ணியவன் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருபவர்கள் ஆணியைப் பிடுங்கட்டுமா என்று இன்றும் கேட்பார்கள். "கிடக்கட்டும்" என்பாள்.

இளம் லிகிதர்களுக்கு ஒன்று சொல்லலாம். மனதுக்கு வேண்டியதைப் பெறுமதியற்றது என்று எழுதாதீர்கள். வாசிப்பவர் நம்பிவிடுவார்.