விம்லேஷ் ஜீஜியின் கஷாயம்

முசாஃபர்நகரில் எங்கள் சந்துக்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியாது. யார் இருமுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் பக்கத்து வீட்டு விம்லேஷ் ஜீஜி. அக்காவை நாங்கள் ஜீஜி என்போம். அவளைவிட மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுக் காந்தாவுக்கு வறட்டு இருமல், கஷாயத்தில் அதிமதுரத்தைக் கூட்டிப் போட வேண்டும். பால்கார ரண்வீருக்கு நெஞ்சுச் சளி, மிளகும் பெரிய ஏலக்காயும் தூக்கலாக இருக்க வேண்டும். இதையெல்லாம் மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு, சுதேஷ் என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்வாள். நான் கேட்டுக்கொள்வேன். குடிக்க மட்டும் மாட்டேன்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த வீட்டுக்குப் பின்னாலேயே வெல்லம் காய்ச்சுகிற ஆலை. அந்தப் புகையிலேயே வளர்ந்த எனக்கு, வெல்லம் கொதிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த முதல் குளிரில் எனக்குச் சளி பிடித்தது. ஜீஜி ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு இது இறங்காது, வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. சந்து முழுக்க எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். ஒரு வாய் குடித்தால் தலையிலிருக்கிற கிரீடமா விழுந்துவிடும் என்று என் மாமியாரும் தன் பங்குக்குக் கேட்டாள்.

ஜீஜிக்கு அந்தக் கஷாயம் சும்மா வந்ததில்லை. ஷாம்லிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சத்பாலைக் கட்டிக்கொண்டு வந்தவள். சத்பாலுக்குக் கரும்புச் சங்கத்தில் எழுத்தர் வேலை. மாமியார்க்காரி இவளை உட்கார்ந்தால் குற்றம், நின்றால் குற்றம் என்று வறுத்தெடுத்திருக்கிறாள். ரொட்டி தடிமன், நடை தடதட, பிறந்த வீட்டிலிருந்து வந்த போர்வையில் பஞ்சே இல்லை. அந்த முதல் குளிரில் மாமனார் இருமலில் படுத்துவிட்டார். இவள் தன் அம்மா செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி துளசி, தட்டின இஞ்சி, மிளகு, கிராம்பு, அதிமதுரம் எல்லாம் போட்டுப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, இறக்கின பிறகு வெல்லம் கலந்து கொடுத்தாள். பூண்டும் ஓமமும் காய்ச்சின கடுகெண்ணெயை அவர் மார்பில் தேய்க்கச் சொல்லிப் புருஷனிடம் கொடுத்தாள். நாலாம் நாள் மாமனார் எழுந்து உட்கார்ந்து கம்பு ரொட்டி கேட்டார். மருமகள் கையில்தான் மருந்து இருக்கிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அன்றைக்குத்தான் மாமியார் முதல்முறையாக இவளைத் தன் கட்டிலில் உட்காரச் சொன்னாளாம். இந்தக் கதையை ஜீஜி எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டில் இடத்துக்கு வரும்போது குரல் தழுதழுக்கும்.

அதன் பிறகு தீபாவளி கழிந்து குளிர் ஆரம்பித்தால் ஹோலிவரை அவள் வீட்டு முற்றத்தில் குமுட்டி அடுப்பு அணையாது. மேலே பித்தளைப் பானை. சந்தில் யார் தும்மினாலும் தூக்குப் பாத்திரம் போய்விடும். மறுநாள் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், கூடவே ஒரு புகழ்ச்சியும் வரும். குர்காவுனில் வேலை பார்க்கும் மகன் முகுல் வந்து போகும்போதெல்லாம் இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போவான். சத்பால் டம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், மீசையைத் துடைத்தபடி திரும்பி வந்து, நெஞ்சு திறந்துவிட்டது என்பார். ஜீஜியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் பெண்களுக்குப் பாராட்டு அப்படியொன்றும் கொட்டிக்கிடக்கவில்லை.

போன வருஷம் சங்கராந்திக்கு முன்னால் அவளே இருமினாள். முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றாள். வேளைக்கு ஒரு டம்ளர் கஷாயம் என்பது இரண்டு டம்ளர் ஆனது. நான் மதில் மேலேயே சண்டைக்குப் போனேன்.

"ஜீஜி, நீ மூச்சு விடற சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. எழுந்து டாக்டர்கிட்ட போ."

"என் கஷாயத்தை வாயில வெச்சுப் பாக்காதவ நீ. அதோட அருமை உனக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள், இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு. "இந்தச் சந்து முழுக்க எழுப்பி உக்கார வெச்சது அது, சுதேஷ். என்னை மட்டும் ஏமாத்திருமா?"

சத்பால் வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வந்தால் என்ன என்று மெல்ல இழுத்தார். உங்க அப்பா எழுந்து உட்கார்ந்தது மறந்துபோச்சா என்று ஜீஜி கேட்டாள். அவர் கடலைத் தோலை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாளில் அவள் அடுப்படியிலேயே சரிந்து விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வண்டி பிடித்து மீரட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூட ஒரு பெண் வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, விலாவில் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். சின்ன வயசுப் பெண். ஜீஜி ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் நேரமாக ஆக ஆபத்து என்று டாக்டர் சத்பாலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன்.

"எங்க மாமனாருக்கு இதைவிட மோசமா இருந்துச்சு டாக்டர்" என்றாள் ஜீஜி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஊசியே போடல. கஷாயத்துலயே எழுந்துட்டாரு. வேணும்னா இவரையே கேளுங்க."

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். சத்பால் கழுத்து மப்ளரைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஊசி போட்டாங்க" என்றார்.

ஜீஜிக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

"வெயில்ல உக்கார வெக்கப்போறேன்னு அப்பாவை தினம் ரிக்‌ஷால கூட்டிட்டுப் போவேனே முகுல் அம்மா, அது டாக்டர்கிட்டதான். அம்மா உன்னை அப்படிப் பாடாப் படுத்திட்டு இருந்தா. உன் கையாலதான் குணமாச்சுன்னு நான்தான் அப்பாவைச் சொல்லச் சொன்னேன். அந்த வீட்டுல உனக்கு ஒரு மதிப்பு வரட்டும்னு."

"சரி" என்றாள் ஜீஜி. "அது அன்னிக்கு. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா நீங்க குடிச்சது?"

நர்ஸ் தட்டில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், பின்பக்கக் கொய்யா மரத்தடியில் ஊற்றிவிடுவேன், கடைத்தெருவில் சிரப் வாங்கிக் குடிப்பேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஜீஜி அழவில்லை. சால்வையை விலக்கி, விலாவைக் காட்டி, டாக்டரிடம் குத்துங்கள் என்றாள்.

அந்த முதல் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். மாமியாரிடம் அடிபட்ட எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். எனக்காக யாரும் அப்படியொரு பொய் சொன்னதில்லை. ஆனால் அவள் காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, அப்பா எழுந்தது மறந்துபோச்சா என்று கேட்டாளே, அன்றைக்கும் வாயைத் திறக்காமல் உள்ளே போன மனுஷனை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெண்டாட்டி உயிரைவிடத் தன் பழைய பொய் வெளியே வராமல் இருப்பது அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது.

பிழைத்து வந்தாள். சாதாரணச் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கஷாயம் குடிக்கலாம், இதமாக இருக்கும், காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வெயிலில் படுத்திருந்தாள் ஜீஜி. பித்தளைப் பானை மூலையில் கவிழ்ந்திருந்தது. சந்துப் பெண்கள் ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்தார்கள். யாராவது வாய் திறப்பதற்குள் ஜீஜி கேட்டுவிட்டாள்.

"காந்தா, உன் பிள்ளை மேல ஆணையாச் சொல்லு. நான் கொடுத்தனுப்பினதை நீ குடிச்சியா?"

காந்தா முந்தானையைச் சுருட்டினாள். இரண்டு தடவை குடித்தேன், மற்றதெல்லாம் சாக்கடையில்தான் என்றாள். ரண்வீரின் பெண்டாட்டி, தாங்கள் எருமைக்கு வைத்துவிடுவோம் என்றாள். இப்படி ஒவ்வொருத்தியாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்கிறோம் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மற்றவர்களெல்லாம் குடித்துத்தான் குணமாகிறார்கள் என்று நம்பித்தான், தாங்களும் கூட இரண்டு வார்த்தை சேர்த்துப் புகழ்ந்திருக்கிறார்கள்.

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் ஜீஜி" என்றாள் காந்தா.

"மனசுக்கு ஒண்ணும் ஆகல. மூச்சுதான் நின்னுருக்கும்."

அவர்கள் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். என் கையைப் பிடித்தாள்.

"நெசமாவே அது சளிக்குக் கேக்குமா கேக்காதான்னுகூட எனக்குத் தெரியாது சுதேஷ். யாரும் குடிச்சாத்தானே தெரியும்?"

முப்பது குளிர்காலம் அந்தப் புகையில் கண்ணெரிய உட்கார்ந்தவள்.

இந்த வருஷம் பனி இறங்கியும் அவள் குமுட்டியை வெளியே எடுக்கவில்லை. சத்பாலுக்குச் சளி பிடித்தது. வெறும் சளிதான், தொண்டை கட்டியிருந்தது. கஷாயம் போட்டுத் தா என்று அவராகவே கேட்டார். சிரப் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் விடவில்லை. நாளெல்லாம் பின்னாலேயே நடந்து கேட்டார். ஒரு நாள் மத்தியானம், நான் அங்கே உட்கார்ந்து பத்துவாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, சின்னப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தாள். எங்கள் கண்ணெதிரே குடித்தார். முகம் கோணின கோணலைப் பார்த்தால் அவருக்கு அது முதல் தடவை என்பது யாருக்கும் தெரிந்திருக்கும். மறுநாளும் குடித்தார். அதற்கடுத்த நாளும் குடித்தார். சிரப் எதுவும் வாங்கவில்லை, அது எனக்கே தெரியும்.

மூன்றாம் நாள் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நெசமாவே கேக்குது முகுல் அம்மா. தொண்டை எரிச்சல் போயிடுச்சு. நேத்து நல்லாத் தூங்கினேன். சத்தியமாச் சொல்றேன்."

ஜீஜி அவர் முகத்தையே பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"இருக்கலாம்" என்றாள். "ஆனா நீங்க சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் இன்னொரு தடவை சத்தியம் என்றார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள்.