நீலப் படலை

எங்கள் ஊரான கரம்பொனில் தையல் அக்காவின் வீட்டு வாசற்கதவான படலையின் கொண்டி இன்னும் வளைந்தபடியே இருக்கிறது. படலை நீலம். எங்கள் குறுகலான ஒழுங்கையின் இரு பக்கமும் பாதி வீட்டுப் படலைகள் அதே நீலந்தான். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய வண்ணத்தைப் படலைக்கு அடிப்பது கடலுக்குப் போகிறவர்களின் வழக்கம். அக்காவுக்கு அவரது தமையன் அடித்துக் கொடுத்தார். நீலப் படலை வீட்டில் கஞ்சா இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி வந்த பொலிசாருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டிருக்கலாம்.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. கொண்டி வளையப் படலையை உதைத்துத் திறந்தார்கள். அலுமாரியிலிருந்த சட்டைகளை நிலத்தில் கொட்டினார்கள். ஒரு கலியாணச் சட்டையில் சப்பாத்துக் காலின் தடம் பதிந்தது. ஒன்றும் கிடைக்காமல், ஒன்றும் சொல்லாமல் போனார்கள். வீடு மாறி வந்துவிட்டோமென்று அவர்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரியவில்லை. "சும்மா வருவாங்களோ?" என்றது ஒழுங்கை. தைக்கக் கொடுத்த துணிகளைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பி வாங்கினார்கள். அக்காவின் சீவியம் அந்தத் தையல் மெசின்தான். இதை அறிந்திருந்தும் நானும் ஒரு பொய்ச் சாட்டுச் சொல்லி என் துணியைக் கேட்டேன். அக்கா குண்டூசிகளைக் கழற்றி, மடித்துத் தந்தார். அந்த மடிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் போய், அவருக்காகப் பொலிஸ் மேலிடத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன்.

அடுத்த வாரம் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி சாதாரண உடுப்பில், பிஸ்கட் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். "அம்மா, வீடு மாறிப் போச்சு. மன்னிக்கவேணும்" என்றார், தட்டுத் தடுமாறிய தமிழில். அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது எனக்கு மட்டுந்தான் கேக்குது. அண்டைக்கு நீங்கள் ஜீப்பில வந்ததை ஊரே பாத்தது. அப்பிடியே வந்து சொல்லுங்கோ."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

மூன்று நாள் கழித்து, அதே பத்து மணிக்கு, அதே ஜீப். சீருடையில் இறங்கிய அதிகாரி வெளியே நின்று படலையைத் தட்டினார். ஒழுங்கை கூடிவிட்டது. உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு கரை மடிச்சுத் தைக்க மிச்சமிருக்கு. பொறுங்கோ!"

"எங்களுக்கு அளவெடுத்தவ இப்ப பொலிசுக்கும் அளவெடுக்கிறா" என்றார் பக்கத்து வீட்டு மீன்கார அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்; அதிகாரியும்.

அக்கா வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார். ஒழுங்கைக்குக் கேட்கும்படி சொன்னார்: "இந்த வீட்டில ஒண்டுமில்லை. நாங்கள் பிழையான வீட்டுக்கு வந்தனாங்கள். அதுக்கு நான் பொறுப்பு."

"ஓம். இப்ப உள்ளுக்கு வாங்கோ" என்றார் அக்கா.

துணிகள் மெல்லத் திரும்பின. வெட்கத்தால் கடைசியாகப் போனவள் நான். "உம்மட அளவு என்னட்டை இருக்கு" என்று மட்டும் சொல்லி அக்கா துணியை வாங்கிக்கொண்டார்.

கொண்டி பூட்டாததால் அந்தப் படலை இப்போது பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு, உள்ளிருந்து "ஓம்" என்று குரல் வரும்வரை நான் வெளியிலேயே நிற்கிறேன்.