கறுப்புக் கவர் இல்லாத ஞாயிறு

2019 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன் எழுந்தேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டுகளை எடுத்துவந்து காபி போட்டேன். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அச்சகத்தில் பிழை திருத்துபவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரும் வேலைதான். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு நடைக்குக் கிளம்பினேன். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைவரை நடந்து, நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவது ஞாயிறு வழக்கம். அன்று வித்தியாசமாக இருந்தது கையில் இருந்த பை மட்டும்தான். அது வீட்டுக்கார மாமி தைத்துக் கொடுத்தது.

நாங்கள் அப்போது ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். மேலே நானும் மனைவியும், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மகளும். வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வீடு பார்க்க வந்தபோது கேட்டில் 'வெஜிடேரியன் குடும்பத்துக்கு மட்டும்' என்று ஓர் அட்டை தொங்கியது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். தரகர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போர்டு ரோட்டுக்கு சார். உள்ள வந்து அவங்க கேக்க மாட்டாங்க. நீங்களும் சொல்லாதீங்க."

அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் காலையிலேயே அவர்கள் பாலவாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; இருட்டிய பிறகுதான் வருவார்கள். தூத்துக்குடியில் பிறந்த என் மனைவி அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாள் சாம்பார் வைத்தாள் என்று சொல்லலாம். மீன் கறுப்புக் கவரில் வரும். செதிலும் முள்ளும் அதே கவரில் முடிச்சுப் போட்டுத் தெருமுனைத் தொட்டிக்குப் போகும். ஆறு வருடமாக எங்களை அந்த வீட்டில் குடி வைத்திருந்தது வாடகை மட்டும் அல்ல, அந்தக் கவரும்தான்.

ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. அது சரி என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் தெருவின் வடிகாலிலிருந்து கம்பியால் இழுத்துப் போட்டதெல்லாம் பைகள்தான். அதை நானே நின்று பார்த்திருக்கிறேன். மாமி அரசாங்கத்துக்கும் ஒரு படி மேலே போனார். தன் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டித் தெருவில் வீட்டுக்கு இரண்டு பை தைத்தார். அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு கார் ஷெட்டில் தெருக்காரர்கள் கூட்டம் வைத்திருந்தார். 'இனி நம் தெருவில் பிளாஸ்டிக் பை இல்லை' என்ற நோட்டீஸை எழுதிப் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான்.

அதனால்தான் மாமியின் பையை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டைத் தாண்டும்போது கையில் அது இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உள்ளே வழக்கம்போல் கறுப்புக் கவர் இருக்கும் என்றும் நினைத்தேன். தடைக்கான நோட்டீஸை எழுதியவன், மீன்காரம்மாவிடம் மட்டும் கவர் இருக்கும் என்று எப்படி நம்பினேன் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சங்கரா மீன் வாங்கினேன். வெட்டி, கழுவி, ஒரு குவியலாக வைத்துவிட்டு மீன்காரம்மா என் கையைப் பார்த்தார்.

"பாத்திரம் எடுத்தாரலியா சார்?"

"கவர் இல்லையா?"

"கவரா? அந்தாண்ட ஒருத்திகிட்ட வச்சிருந்ததெல்லாம் புடிச்சிக்கினு போய்ட்டாங்கோ. இன்னா, எனக்கும் ஃபைன் வாங்கிக் குடுக்கப் பாக்கறியா?"

"வேற ஏதாவது..."

"பேப்பர் கீது. பையி கீது. மீனு இன்னா துள்ளிக்கினு ஓடவா போவுது?" என்று பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தார். "பாரேன், புடவை கணக்கா எம்மாம் அழகா கீது சாரோட பையி."

பேப்பரில் சுற்றி, மாமியின் பையில் அவரே வைத்தார். கச்சேரி சாலை வரும்போதே பேப்பர் ஊறிவிட்டது. அரக்கு நிறப் பையானதால் கறை தெரியாது என்று நினைத்தேன். ஈரம் தெரிந்தது. தெருமுனையில் ஒரு பூனை என்னுடன் சேர்ந்துகொண்டது. கூட்டம் மாலையில்தானே, காலையில் மாமாவும் மாமியும் வழக்கம்போல் பாலவாக்கம் போயிருப்பார்கள் என்ற தைரியத்தில் கேட்டைத் திறந்தேன்.

மாமி கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்காக அன்று பாலவாக்கம் போகவில்லை. மடியில் பைகள். எதிரில் எதிர் வீட்டம்மா, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். இருவருமே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கோ சார், நல்ல சமயத்துல வந்தேள்," என்றார் மாமி. "இவா என்ன கேக்கறான்னு கேளுங்கோ."

"நான் என்ன தப்பாவா கேட்டேன்?" என்றார் எதிர் வீட்டம்மா. "பூக்காரி ஒரு முழம் பூவைப் போட்டுக் கொடுக்கற கவர் கூடாதுங்காங்க. பால் கவர் வரலாமாம், எண்ணெய்க் கவர் வரலாமாம். எங்க கடையில துணி மாதிரி இருக்குன்னு வாங்கி வச்ச பையும் பிளாஸ்டிக்தான்னுட்டாங்க. அப்ப எதுதான் பிளாஸ்டிக்? சார் படிச்சவரு, சொல்லட்டும்."

"அது... தூக்கிப் போடற பைக்குத்தான் தடை," என்றேன்.

"பால் கவரை யாரு பூசையில வைக்கா? அதையும் தூக்கித்தானே போடுதோம்?"

பையை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டேன். பூனையும் பின்னால் மாறிக்கொண்டது.

"குப்பையைச் சொல்லுங்க," என்று அவர் விடவில்லை. "ஈரக் குப்பையை எதுல கட்டிப் போட? இத்தனை நாள் கடைக் கவருதான் அதுக்கு ஆச்சு. இப்ப மாமி பையிலயா கட்டிப் போட முடியும்?"

"போடுவேளே!" என்றார் மாமி. "ஒரு பை தைக்க எனக்கு இடுப்பு ஒடியறது."

இருவரும் சிரித்தார்கள். சிமெண்டுத் தரையில் என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பூனை அதை நக்கிவிட்டு, நிமிர்ந்து, பையைப் பார்த்துக் கத்தியது.

"இது ஏன் சாரையே சுத்துது?" என்றார் எதிர் வீட்டம்மா.

மாமி பூனையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அது தன் புடவை என்று அவருக்குத் தெரியும். பிறகு கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சாரை நிறுத்தி வைக்காதேங்கோ. மாடிக்குப் போகட்டும். வெயில் ஏறிண்டிருக்கு," என்றார்.

மேலே போய் நடந்ததைச் சொன்னேன். மனைவி பையை அப்படியே வாளித் தண்ணீரில் போட்டாள்.

"அவங்க பையிலேயேவா போட்டுக்கிட்டு வருவீங்க? ஏங்க, இதைவிட மீனைக் கையில பிடிச்சு ஆட்டிக்கிட்டே வந்திருக்கலாம்."

"மாமிக்குத் தெரியலைன்னு நினைக்கிறேன்."

"பூனைக்கே தெரிஞ்சிருக்கு."

அந்த மாதக் கடைசியோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. மார்ச்சில் மகளுக்குப் பொதுத் தேர்வு. பள்ளி அடுத்த தெருவில். இடையில் வீடு மாறுவது என்பதை நினைக்கவே முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் மாமா தானாகவே ஒப்பந்தப் பேச்சை எடுப்பார். இந்த வருடம் இன்னும் எடுக்கவில்லை.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "மெடிக்கல்லயும் இப்படித்தாம்ப்பா. முன்னாடி கறுப்புக் கவர். இப்ப பேப்பர்ல சுத்தித் தர்றாங்க. எடுத்துக்கிட்டு வந்தா தெருவுக்கே என்னன்னு தெரியுது. ஆனா யாரும் ஒண்ணும் கேக்கலை." அவ்வளவுதான், திரும்பப் படிக்கப் போய்விட்டாள். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று நான் கேட்கவில்லை.

மீனை என்ன செய்வது என்றும் ஒரு வாக்குவாதம் வந்தது. வறுத்தால் வாசனை கீழே போகும். எறியலாம் என்றால் எதில் கட்டி எறிவது? கடைசியில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் யாரும் இல்லை. மேல் படியில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. மாமி வீட்டுத் தூக்குதான், அடியில் பெயர் வெட்டியிருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அந்தத் தூக்கில் எங்களுக்குப் புளியோதரை வந்திருக்கிறது, சுண்டல் வந்திருக்கிறது. நாங்கள் சர்க்கரையோ பழமோ போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். சமைத்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள். எங்களுக்குள் வெறும் பாத்திரம் எந்தப் பக்கத்திலிருந்தும் போனதில்லை.

"கோபம்," என்றேன். "இனிமே உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்றாங்க."

"கோபம்னா தூக்கை ஏன் தர்றாங்க? இதுல மீன் வாங்கிக்கச் சொல்றாங்க."

"அவங்களா? அவங்க பாத்திரத்துலயா?"

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

தூக்கை மூடி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

மாலைக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நோட்டீஸைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். எதிர் வீட்டம்மா பால் கவர் கேள்வியை மறுபடியும் கேட்டார். மாமி, "உலர்ந்த சாமானுக்குத் துணிப்பை. ஈரமான சாமானுக்கு மூடி போட்ட பாத்திரம். இதுல என்ன கஷ்டம்?" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. எல்லோரும் கலைந்த பிறகு மாமா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "அக்ரிமென்ட் விஷயம் இருக்கே சார். நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார். அவர் முகத்தைப் படிக்க முயன்றேன். நாற்காலி அடுக்குகிறவர் முகம்தான் அது.

படுக்கும் முன் மனைவியிடம் ஒரு வழி சொன்னேன். தூக்கில் இன்னும் மீன் படவில்லை. வழக்கம்போல் சர்க்கரை போட்டு எடுத்துப்போகிறேன். மாமி தூக்கை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். ஏதோ மறந்து வைத்தது. வாங்காவிட்டால் எல்லாம் தெரியும்.

"வாங்காட்டி நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், தூக்கைத் துடைத்துச் சர்க்கரை நிரப்பிக் கீழே கொண்டுபோனேன். மாமி கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். தூக்கை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே போனார். வாங்கிக்கொண்டார் என்று மூச்சு விட்டேன். உடனே, அப்படியானால் அடுத்த ஞாயிறு எதில் வாங்குவது என்றும் நினைத்தேன். அதற்குள் மாமி தூக்கோடு திரும்பி வந்தார். சர்க்கரையைத் தன் டப்பாவில் கொட்டிவிட்டு வந்திருந்தார். போகிற போக்கில் வாசல் மரத்திலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து, தூக்கில் போட்டு மூடி, என் கையில் கொடுத்தார்.

"இது உங்காத்துலயே இருக்கட்டும். எனக்குத் திருப்பித் தர வேண்டாம்," என்றார். "மாமா உங்களை ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிண்டு வரச் சொன்னார். வர ஞாயித்துக்கிழமை நாங்க பாலவாக்கம் போயிடுவோம்."

தலையாட்டினேன். தூக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் நினைவு வந்து, பால் பாக்கெட்டை எடுக்கத் திரும்ப இறங்கினேன்.