மியூசியத்து விமானங்களும் அரளிப் பூவும்

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் கோவிந்தாபுரத்திலிருந்து இளநீர் லாரி ஓட்டியவர். வடக்கே எந்த ஊரில் மியூசியத்தைக் கண்டாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அங்கே நிறுத்தியிருக்கும் பழைய விமானங்களைப் போட்டோ எடுத்துக்கொள்வாராம். நிறம் மங்கிய அந்தப் படங்கள் ஓர் ஆல்பம் நிறைய இருக்கின்றன. அதைப் பார்த்தே வளர்ந்த என் மகன் போன வருஷம் விமானப்படை வேலைக்குத் தேர்வாகிவிட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அத்தனை கனம் எப்படி மேலே நிற்கிறது என்பதே எனக்குப் பிடிபடாது.

அவர் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதெல்லாம் சண்டைக்குப் போன ஏரோப்ளேனு புள்ள. பத்திரமா வந்து நிக்குது பாரு. சும்மா வெசனப்படாத."

"ஏனுங்க, திரும்பி வராததை எப்படீங்க மியூசியத்துல நிறுத்துவாங்க?"

"உன்ற வாயில நல்லதே வராதா?" என்று எழுந்து போய்விட்டார். நான் படங்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு காலியாக இருந்தது. என் கண்ணுக்கு அதுதான் பட்டது.

எங்கள் பக்கம் மனசு தடுமாறினால் அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். இலையில் மடித்துச் சன்னதியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பென்றால் கூடாது. 'என் மகன் விமானத்தில் ஏறலாமா தாயே' என்று கேட்டேன். நாத்தனார் பேத்தி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு.

வீட்டில் சொன்னதும் மகன் சிரித்துவிட்டான். "நான் எங்கம்மா ஏறப் போறேன்? கீழ நின்னு எஞ்சின் ரிப்பேர் பாக்கற வேலதானுங்கம்மா. நீங்க மாத்திக் கேட்டுப்போட்டீங்க. அம்மன் சரியாத்தான் சொல்லியிருக்குது."

"அப்ப மறுக்காப் போய்க் கேக்கட்டுமா?"

"ஒரே காரியத்துக்கு ரெண்டுவாட்டி கேக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். "இனி நீதான் சொல்லோணும்."

மகன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் வேண்டாம் என்றால் போகமாட்டான், எனக்குத் தெரியும். பயம் அதனால்தான் இரட்டிப்பானது. அம்மன் தலையில் போட்டுவிடலாம் என்றிருந்தேன், அது என் வாய்க்கே வந்துவிட்டது.

"போய்ட்டு வா சாமி" என்றேன்.

அவன் ரயிலேறியதிலிருந்து, மேலே இரைச்சல் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அவன் அதில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் உள்ளே வர முடிவதில்லை.