மெல்லப் பேச இடமில்லாத மருந்துக் கடை

எனக்கு வந்தது பெரிய வியாதி இல்லை. படை. தொடை இடுக்கில் வந்த படை. இதை எழுதும்போதுகூட பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதினால் சத்தம் வராது, அது ஒரு நிம்மதி. மெடிக்கல் கடையில் அந்த வசதி கிடையாது.

அப்போது மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் துணி துவைக்கிற இடத்தில் வேலை செய்தேன். கடற்கரை ரோட்டை அகலமாக்கி, கார்கள் வர ஆரம்பித்து, ஓட்டல்கள் ஒவ்வொன்றாக முளைத்த காலம். மிஷின் இருந்தாலும் கறை பிடித்த பெட்ஷீட்டை எல்லாம் கையால்தான் கசக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாவாடை ஈரம். அந்த ஈரத்தோடே பஸ், அந்த ஈரத்தோடே அடுப்படி. கடல் காற்றில் எதுவும் லேசில் காயாது. சித்திரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக அரித்தது, ஆடிக்குள் உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டது.

எங்கள் சூப்பர்வைசர் அம்மா மெட்ராஸிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மடிக்கிற மேஜையின் முனையில் நான் உரசிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தோல்ல ஏதாவது இருக்கா? இது கெஸ்ட் படுக்கிற துணி. சீக்கிரம் சரி பண்ணிக்கோ. இல்லன்னா உன்னை இங்க நிக்க வைக்க முடியாது."

அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் சிற்பக் கூடத்தில் கல் ஏற்றி இறக்குகிற ஆள். சிலைக்கு ஆர்டர் வருகிற மாசம் கூலி உண்டு, வராத மாசம் இல்லை. அதனால் எப்படியும் இந்தப் படையைப் போக்கியாக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில், யாருக்கோ என்பது போல, கூட வேலை செய்கிறவர்களிடம் பேச்சை எடுத்தேன். உடனே ரெண்டு கட்சி.

"டாக்டரு எழுதறதத்தான மெடிக்கல்காரரு குடுக்கறாரு? நடுவுல டாக்டரு எதுக்கு?" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

"அந்தக் கடைச் செவுத்துல சர்ட்டிபிகேட்டு மாட்டிக்கீது பாரு, அதுல இருக்கற மூஞ்சி வேற, கடையில நிக்கற மூஞ்சி வேற. நீ வேணா போய்ப் பாரு" என்றாள் மாடி அறைகள் பெருக்குகிறவள்.

"மூஞ்சியா மருந்து குடுக்குது? என் புள்ளைக்கு ஜொரம்னா அவருதான் குடுக்கறாரு. கைராசிக்காரரு."

"ராசியப் பாக்கறதுக்கு நான் ஜோசியக்காரன்கிட்ட போவேனே."

சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். ரெண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் சொல்லக் கூச்சப்படுகிறவள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் டாக்டர் ஒருத்தர் இருந்தார். அவர் கிளினிக்கிலும் வாசலிலேயே ஒரு ஆள் உட்கார்ந்து, "உடம்புக்கு இன்னா?" என்று பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது கேட்டு டோக்கன் கொடுப்பார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும்.

மெடிக்கல் கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. முன்னால் கண்ணாடி மேஜை, அதற்கு முன்னால் ரெண்டு படி. படியில் எப்போதும் ஆம்பிளைகள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குவார்கள், ஆட்டோக்காரர்கள் பேப்பர் படிப்பார்கள். தலைவலி என்றால் கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, மூன்று நிறத்தில் மாத்திரை எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு "ஒரு செட்டு" என்று கொடுப்பார். காய்ச்சலுக்கும் ஒரு செட்டு, உடம்பு வலிக்கும் ஒரு செட்டு. நானே எத்தனையோ தடவை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். காய்ச்சலைச் சொல்ல என்ன வெட்கம்?

அன்றைக்குக் கூட்டம் குறையட்டும் என்று பழக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். ரெண்டு பேர் போனால் மூணு பேர் வந்தார்கள். கடைசியில் போய் நின்றேன்.

"இன்னாமா?"

"அரிப்புக்கு மருந்து."

"சத்தமா சொல்லுமா, பஸ்ஸு சத்தத்துல கேக்கல."

"அரிப்புக்கு."

"எங்க?"

நான் கையை நீட்டி, முழங்கைக்குக் கீழே காட்டினேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை. பின்னால் திரும்பி ஒரு டியூப்பை எடுத்துப் போட்டார். "காலைல, ராத்திரி தடவு."

தடவினேன். ரெண்டே நாளில் அரிப்பு நின்றது. அப்படித் தூங்கி எத்தனை மாசமாயிற்று. கைராசி என்று இஸ்திரிக்காரி சொன்னது சரிதான் என்று நினைத்தேன். டியூப் தீர்ந்த வாரமே திரும்ப அரித்தது. இந்தமுறை வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்.

ரெண்டாவது தடவை போனபோது கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகப் பார்த்தார். "இன்னாமா, கை பளபளன்னு கீது?"

படியில் இருந்த ஆட்டோக்காரர் ஒருத்தர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "கை நல்லாத்தான் கீது அண்ணாத்த. உனக்குக் கண்ணுதான் அவுட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "என் தங்கச்சிக்கு" என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். மெடிக்கல் கடையில் பழைய அட்டையையோ பாட்டிலையோ காட்டினால் கேள்வி கேட்காமல் அதே மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள். நானும் காலி டியூப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். மேஜைமேல் வைத்தேன். அவர் பார்த்தார், புதுசு ஒன்றை எடுத்து வைத்தார். வாயே திறக்க வேண்டியதில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம். தீபாவளி தாண்டியும் இப்படியே ஓடியது. டியூப் இருக்கும்வரை அரிப்பு அடங்கும், தீர்ந்தால் பரவும். இடுப்பு மடிப்பு வரை வந்துவிட்டது. தோல் மெலிந்து, சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது.

ஒருநாள் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். தெரியாத ஊர்க் கடையில் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. அந்தக் கடைக்காரர் முதலில் கேட்டதே, "எந்த ஊரு நீ? உங்க ஊருல மெடிக்கல் இல்லியா?" என்றுதான். மீன் விற்றுவிட்டு வந்த ரெண்டு பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "தலைவலி" என்றேன். ஒரு செட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ் சத்தத்தில் உண்மையாகவே தலை வலித்தது.

வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போய் மெல்லமா சொல்லி, வேற நல்ல மருந்தா வாங்கிக்கினு வாய்யா" என்றேன். அவருக்கு மெல்லமாகப் பேச வராது. கல் அறுக்கிற சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தம்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார்.

"இன்னா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். வூட்டுக்காரிக்குத் தொடையில படைன்னு."

"யார் யார் இருந்தாங்க?"

"இருந்தாங்க நாலஞ்சு பேரு. நல்ல மனுசங்க. ஒருத்தரு வேப்பெலய அரைச்சுப் போடச் சொன்னாரு. ஒருத்தரு கருவாடு துன்னக் கூடாதுன்னாரு. பஸ்ஸுல இருந்து எறங்கின ஆளு, அவரு சம்சாரத்துக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்."

"யோவ்."

"இன்னாமே? அந்தம்மாவுக்குச் சரியாப் போச்சாம்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. பவுடருக்கும் படை கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "சரியானதும் டாக்டர் சீட்டோட வா. அதுவரைக்கும் வேற ஆளை வச்சிக்கறேன்" என்றார். அவர் மட்டும்தான் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அதுவும் என்னை அனுப்புவதற்காக.

கூலிதான் ஏற்கெனவே போயிற்றே என்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் எங்கே பார்த்தாலும் வரிசை. தோல் வியாதி பார்க்கிற இடத்தில் என் முறை வந்தபோது உள்ளே ஒரு பெண் டாக்டரும், அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகளும் நின்றார்கள். போச்சு, இங்கேயும் கூட்டமா என்று நினைத்தேன். டாக்டர் "எங்க?" என்றார். நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சக்கரம் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தை இழுத்தார். அதில் பச்சைத் துணி தொங்கியது. துவைத்துத் துவைத்து வெளுத்த துணி, ஒரு ஓரம் கிழிசல். அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் நானும் அவரும் மட்டும்.

காட்டினேன். முந்தானையிலிருந்த டியூப்பையும் அவிழ்த்துக் கொடுத்தேன்.

"இதை எவ்ளோ நாளா போடறீங்க?"

சொன்னேன்.

"இது அரிப்பை அமுக்கும்மா, படையை வளத்துவிட்டுடும். இனிமே தொடாதீங்க. கடையில இடத்தைக் காட்டினீங்களா?"

"காட்டற எடமா அது?"

அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்தார். ஈரத் துணியோடு இருக்காதீங்க, உள்பாவாடையை வெயிலில் நன்றாகக் காயப்போடுங்க என்றார். மாசக் கணக்கில் போடவேண்டி இருந்தது. ஆனால் போயிற்று. தழும்புக் கோடு மட்டும் இருக்கிறது. சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதின சீட்டோடு போனேன், சூப்பர்வைசர் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாற்றுப் பாவாடை ஒன்றை வேலைக்கு எடுத்துப் போகிற வழக்கம் அன்றிலிருந்து.

முதல்நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு நோயைப் பற்றி நினைப்பு இல்லை. அந்தக் கிழிந்த பச்சைத் துணியைப் பற்றித்தான். எங்கள் ஓட்டலில் அதைவிட நல்ல துணியைத் தரை துடைக்கப் போடுவோம்.

மருந்து போட்ட அந்த மாசங்களில் ஒருமுறை ஆஸ்பத்திரிக் களிம்பு தீர்ந்து வெளியே வாங்கவேண்டி வந்தது. அதே மெடிக்கல் கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு, "தங்கச்சிக்கா?" என்றார்.

"எனக்குத்தான். நீ குடுத்த டியூப்பால வந்த வினை."

இவ்வளவு பேச்சு என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ கையின்னுதானேமா காமிச்ச? கைக்கு அது போதும்னு குடுத்தேன். எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த ஓரமா ஒரு துணி கட்டேன் அண்ணாத்த. பொம்பளைங்க அந்தாண்ட நின்னு சொல்லுவாங்க."

"நல்லா சொன்ன போ. கடைக்குள்ள துணி கட்டினா உள்ள இன்னா நடக்குதுன்னு ஊரே வந்து எட்டிப் பாக்கும்."

படியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அதே ஆட்டோக்காரரும் இருந்தார். நான் களிம்பை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அப்போது ஒரு சின்ன வயசுப் பெண் மேலே ஏறினாள். கழுத்தில் புதுத் தாலிக் கயிறு, மஞ்சள் இன்னும் போகவில்லை. மேஜையோரம் போய், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"சத்தமா சொல்லுமா" என்றார் கடைக்காரர்.

அவள் திரும்பிப் படியைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும், ஒரு செட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்யா" என்றேன் படியிலிருந்தவர்களிடம். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆட்டோக்காரர், "இன்னாம்மா, சத்தமா சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அரை அடி நகர்ந்தார்கள். அரை அடிதான். பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார் ஆட்டோக்காரர். நான் மேஜைக்கும் அவர்களுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கிற மாதிரி நின்றேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் கேட்கவில்லை.