மார்கழி நோட்டு

என் வீட்டுப் பரணில் ஒரு மூங்கில் சட்டம் கிடக்கிறது. ஒரு மீட்டர்ச் சதுரம். தரையில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணுவதற்காகப் பேராசிரியர் கட்டச் சொன்னது. மலை உச்சிப் புல்வெளிகளில் மாடு மேய்ந்தால் செடிவகை குறைகிறது என்று எழுதிப் பேர் வாங்கியவர் அவர். சமவெளியில், குத்தாலம் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான மேய்க்காலிலும் அதையே பார்க்க வந்தார். ஊர்க்காரி என்பதால் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

மேய்க்காலில் ஒரு பாதிக்குள் மாடு போகக் கூடாது என்றார். அதை நம்பி மூன்று மாடு வைத்திருந்தவர் என் அத்தை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நான்தான் போய்க் கேட்டேன். "சார் எழுதிட்டா இந்த இடத்துல யாரும் கை வைக்க முடியாது அத்தை." பேராசிரியர் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "நீ சொன்னா சரிடி" என்றார் அத்தை. அந்த வருஷம் முழுக்க வாய்க்கால் கரையில் புல் அறுத்துத் தலையில் சுமந்தார்.

சித்திரையில் எண்ணினோம். மேய்ந்த பாதி வெறும் வெடித்த மண். மேயாத பாதியில் காய்ந்த புல்லாவது நின்றது. மழை விட்டு மார்கழியில் எண்ணியபோது எல்லாம் தலைகீழ். மேயாத பாதியில் இடுப்புயரப் புல் ஒன்றே மற்றதையெல்லாம் அமுக்கியிருந்தது. மாடு கடித்த பாதியில் அறுகு, பொடுதலை, வல்லாரை, கீழாநெல்லி, விஷ்ணுகிராந்தி என்று எழுத எழுதப் பக்கம் போதவில்லை. சேற்றில் குந்தியிருந்த எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "மலை வேற, இந்த மண்ணு வேறதான்மா" என்று அவரும் சிரித்தார். பிரதிகூட எடுக்காமல் நோட்டை அவர் கையில் கொடுத்தேன், புத்திகெட்டவள்.

அறிக்கையில் சித்திரை மட்டும் இருந்தது. மாடு மேய்ந்து பாழான நிலம், வேலி போட வேண்டும் என்று முடித்திருந்தார். மலையில் சொன்னது இங்கே பொய்த்துப்போனதை அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி வேறு. போனில் கேட்டேன். "மார்கழி நோட்டா? எங்க வெச்சேன்னு தெரியலம்மா" என்றார், அவ்வளவு நிதானமாக.

மேய்க்கால் முழுக்க வேலி வந்தது. அத்தை மூன்று மாட்டையும் விற்றார். "எண்ணுனது நீதானேடி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். நானும் ஏமாந்தவள்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? அத்தையிடம் பேசியது என் வாய்தானே.

போன மார்கழியில் சட்டத்தை எடுத்துக்கொண்டு கம்பி வேலிக்குள் நுழைந்தேன். அன்றைக்கு மாடு மேய்ந்த பாதியில் புல்லை விலக்கிச் சட்டத்தைப் போட்டு வெகுநேரம் தேடினேன். அத்தை வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எத்தனைடி?"

"ஒண்ணுதான் அத்தை."

"அதை யார்கிட்ட குடுக்கப்போற?"