முதல் டோக்கன்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய் அங்கே ஏறப் பார்ப்பேன். நடுவழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போனதும் உண்டு. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். கல்யாண வீட்டில் முதல் பந்தி, ரேஷன் கடையில் முதல் ஆள், ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன். முதல் டோக்கன் எடுப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமையே இருந்தது. சூலூரில் எங்கள் வீதியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டோக்கன் போட என்னைத்தான் கேட்பார்கள்.

எங்களுக்கு எட்டு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தறி ஓட்ட ஆட்கள் உண்டு. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதை நாங்கள் தார் போடுவது என்போம். அந்த வேலை மட்டும் என் மனைவியுடையது. இருபத்திரண்டு வருடமாக அவள் போட்ட தாரில்தான் எங்கள் தறி ஓடியது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் மத்தியானம் வரை உட்கார மாட்டாள்.

கோளாறு சாயங்காலத்தில்தான் ஆரம்பித்தது. நூல் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். நாற்பத்தாறு வயது, கண்ணாடி போட வேண்டிய காலம்தானே என்று நினைத்தேன். அப்புறம் இடது கண் இமை தொங்கியது. ஆறு மணிக்கு மேல் பாதி மூடிக்கொள்ளும். தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் எதிரில் இருக்கிறவரைப் பார்ப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வாள். பேச்சு மூக்கால் வரும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இமை நேராக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும், என்னை அதட்டி எழுப்புவாள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன் என்று அவள் சும்மா இருந்துவிட முடியாது. அந்த ஒரு சொல் வராத வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளகோவிலில் இருந்து என் பெரியம்மா ஒரு நாள் சாயங்காலம் வந்தார். மனைவி வாசலுக்கு வந்து, தலையை நிமிர்த்தி, ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. சிரிக்கப் பார்த்தாள். மேல் உதடு ஏறியதே தவிர வாயோரம் விரியவில்லை, பல்லைக் காட்டிச் சீறுவது மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா காப்பியைத் தொடவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“உன்ற ஊட்டுக்காரிக்கு நாங்க வாரது புடிக்கலீன்னா சொல்லிப்போடு சாமி. வராம இருந்துக்கறோம்.”

எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கு அவளிடம் நான் கத்தின கத்தலில் ஷெட்டில் இரண்டு தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. கண் டாக்டர், பல் டாக்டர், தொண்டை டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், தைராய்டுக்கு ஒருவர் என்று ஒன்றரை வருடம் அலைந்தோம். எங்கே போனாலும் காலை ஆறரைக்கே நான் போய் வரிசையில் நின்று முதல் டோக்கன் வாங்கிவிடுவேன். எட்டரை, ஒன்பதுக்கு அவளை உள்ளே அனுப்பிவிடுவேன். குளித்து, பூ வைத்து, தெளிவாக முன்னால் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்த்து எந்த டாக்டருக்கு என்ன தோன்றும்? சாயங்காலமானால் இமை தொங்குகிறது என்பாள். அசதி என்று எழுதுவார்கள். கண்ணாடி வந்தது, சத்து மாத்திரை வந்தது, இரத்தசோகைக்கு டானிக் வந்தது. மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர். துணியில் ஒரு இழை தப்பினால்கூட செல்போனில் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்புகிறவன் நான். அவள் முகத்தை ஒரே ஒரு சாயங்காலம் படம் பிடித்து எந்த டாக்டரிடமாவது காட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கடைசியாகப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பரிசோதனையில் ஒன்றும் இல்லை, மனசில் ஏதாவது குறை இருக்கலாம், மகளைப் பிரிந்த ஏக்கமாக இருக்கலாம் என்றார். அவர் பதமாகத்தான் சொன்னார். நான்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆஹா, அதுதானா சங்கதி என்று ஆகிவிட்டது எனக்கு. எங்கள் ஷெட்டில் ராத்திரி ஷிப்டுக்கு ஆறு மணிக்குத்தான் தார் நிறைய வேண்டும். இவளுக்கும் சரியாக ஆறு மணிக்குத்தான் கை சோர்கிறது. ஒரு நாள் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

“ஆறு மணிக்கு ஷிப்ட் மாறுது பாரு, உன்ற நோவும் கரெக்டா டூட்டிக்கு வந்துருது.”

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தார்க் குழலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் மூக்கால் வரும், அதற்கும் சிரிப்பார்கள் என்று பயந்திருக்கிறாள். பாவி, எனக்கு அது உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி, தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆனது. அதை நடிக்க முடியாது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. உள்ளூர் டாக்டர், கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரம்மா ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஏழுக்கே போய் வழக்கம்போல முதல் டோக்கன் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். பத்தாயிற்று, பதினொன்று ஆயிற்று. வார்டில் ஒரு அவசரக் கேஸ், டாக்டரம்மா அங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நாலு டீ குடித்தேன். ஷெட்டுக்குப் போன் போட்டுத் தறிக்காரரைத் திட்டினேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், முதல் டோக்கனுக்கே இந்தக் கதியென்றால் நாற்பதாவது டோக்கன்காரர் வீடு போய்ச் சேருவாரா என்று சண்டை பிடித்தேன். அந்தப் பெண் பொறுமையாக, நாளைக்குக் காலையில் முதல் ஆளாகப் பார்த்துவிடலாம், எழுதிக்கொள்ளட்டுங்களா என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பையை எடுத்துக்கொண்டு மனைவியைக் கிளப்பினேன்.

“நான் வரலீங்க,” என்றாள். “இருந்து பாத்துட்டே போலாம்.”

கல்யாணமான நாளிலிருந்து நான் கிளம்பு என்றால் கிளம்புகிறவள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் என்ன செய்ய? நானும் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

நாலரைக்கு மேல் அவள் கை தாடைக்குப் போனது. இமை இறங்கியது. ஆரம்பித்துவிட்டாளய்யா, ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டாள் என்று மனசுக்குள் எரிச்சல் வந்தது எனக்கு. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே எழுத உட்கார்ந்தேன். வந்தது.

ஐந்தே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஐம்பது வயது இருக்கும், களைத்துப்போயிருந்தார். மனைவி நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதையே பார்க்கச் சொன்னார். அரை நிமிடத்தில் இரண்டு இமையும் கீழே வந்தன. ஒன்றிலிருந்து ஐம்பது வரை உரக்க எண்ணச் சொன்னார். இருபதைத் தாண்டவில்லை, குரல் மூக்குக்குப் போயிற்று. நர்ஸிடம் ஐஸ் கொண்டுவரச் சொல்லி, ரப்பர் கையுறைக்குள் போட்டு, இடது இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை மேலே போயிருந்தது. கண் முழுசாகத் திறந்திருந்தது. சாயங்காலத்தில் அந்தக் கண்ணை அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

மயஸ்தீனியா என்றார். நரம்பு கொடுக்கிற உத்தரவு தசைக்குப் போய்ச் சேருகிற இடத்தை உடம்பே எதிரியாக நினைத்து அடைத்துவிடுகிறது, தசை வேலை செய்யச் செய்ய ஓய்ந்துபோகும், தூங்கி எழுந்தால் திரும்ப வரும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இரத்தத்தில் ஒரு சோதனை, நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எழுதினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்திருக்கலாம் என்றார். பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, இதுவரை எந்த டாக்டராவது இந்த நேரத்தில் பார்த்தார்களா என்று கேட்டார்.

“எல்லா எடத்துலயும் மொத டோக்கன்தானுங்க மேடம்,” என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. காலையில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் மனைவி கையுறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாயில் நுழையாத பேரில் நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு மனுஷி சந்தோஷப்படுவாள் என்று யார் கண்டது?

வைத்தியமும் லேசில் முடியவில்லை. மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒன்று. பிந்தினால் வாய் குழறும், கூடினால் வயிற்றைப் பிடுங்கும். சாப்பாடு மாத்திரைக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான். சூலூரில் அந்த மாத்திரை எப்போதும் கிடைக்காது. ஸ்டீராய்டில் முகம் உப்பியது. நெஞ்சுக்குள் இருந்த ஒரு சுரப்பியை ஆபரேஷனில் எடுத்தார்கள், அதன் பலன் தெரிய வருடம் ஆகலாம் என்றார்கள். இந்த நோய்க்காரர்களுக்கு ஆகாத மருந்துகள் என்று டாக்டரம்மா ஒரு பட்டியல் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறைபோட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வெள்ளகோவிலில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அங்கே ஒரு கிளினிக்கில் ஊசியை எடுத்துவிட்டார்கள். பட்டியலை நீட்டினேன். வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வந்து வைத்தியம் சொல்லித்தருகிறீர்களா என்று அந்த டாக்டருக்குக் கோபம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசுகிற வரை நான் நகர மாட்டேன் என்று கதவை மறித்து நின்றுவிட்டேன். பேசினார். ஊசியை மாற்றினார். முன்னால் இருந்த ஊசியைப் போட்டிருந்தால் அவளை ஆம்புலன்ஸில்தான் கோயம்புத்தூர் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா அப்புறம் என்னிடம் சொன்னார்.

இப்போது பரவாயில்லை. நல்ல நாள் இருக்கிறது, கெட்ட நாள் இருக்கிறது. தார் போட ஆள் வைத்துவிட்டேன். பெரியம்மாவிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கிளம்பி வந்து, வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். ஆனாலும் எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலத்தில்தான் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் ஒரு டாக்டரிடம் போகலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்டால் குற்றம் சொல்வது மாதிரி ஆகிவிடும் என்று ரொம்ப நாள் அடக்கிவைத்திருந்தேன். அடக்கி வைக்கிற ஆளா நான்? ஒரு நாள் அடுப்படியில் அவள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

அவள் அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

“பொழுதோட நோவு வாரப்ப சொல்லோணும்னுதானுங்க இருக்கும். வெடியால எந்திரிச்சா உடம்புல ஒன்னுமே இருக்காது. அப்ப நீங்க சொல்றதுதான் நெசமோ, நாந்தான் நடிக்கறனோன்னு எனக்கே தோணிப்போச்சுங்க.”

அப்போது காலை ஏழு மணி. அவள் குரலில் ஒரு பிசிறும் இல்லை.